டாக்டர் வண்டியின் ஒற்றைச் சாவி

என் வீட்டுக்காரர் சென்னியப்பனை நல்ல மனுசன் என்று சொல்லாத ஆள் எங்கள் கணபதிப் பகுதியில் கிடையாது. பத்தொன்பது வருடமாக அந்த நல்ல மனுசனோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். அது எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்குத்தான் தெரியும்.

அவருக்குப் பூர்வீகம் கொடுமுடிப் பக்கம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்தார். அப்புறம் அவிநாசியில் நூல் மில் வைத்திருக்கும் நஞ்சுண்டனிடம் டிரைவராகச் சேர்ந்து பதினான்கு வருடம் ஓட்டினார். அந்தப் பதினான்கு வருடத்தில் முதலாளி சொன்னதற்கு மறுசொல் சொன்னதில்லை என்பதில் இவருக்கு ஒரு பெருமை. ஒருமுறை தாராபுரம் போகும்போது பின்சீட்டில் இருந்த நஞ்சுண்டன், "சென்னி, லெஃப்ட்ல திரும்பு" என்றாராம். அது தப்பான ரோடு. இவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வண்டியில் முதலாளியின் சிநேகிதர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று பதினெட்டுக் கிலோமீட்டர் தப்பான ரோட்டிலேயே ஓட்டினார். கடைசியில் முதலாளியே பார்த்து, "ஏன்டா, ரோடு தெரியாதா உனக்கு?" என்று கேட்டபோது, "மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாராம். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் மகள் ஷ்ரவ்யா ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், ராத்திரி பகல் இல்லாத அந்த வேலையை நான்தான் விடச் சொன்னேன். அதிலிருந்து ஆக்டிங் டிரைவர். வண்டி வைத்திருப்பவர்கள் வேண்டும்போது கூப்பிடுவார்கள், இவர் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவார். நான் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் வைத்து ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறேன். ஊரிலிருக்கும் எல்லோருடைய படிவங்களையும் நிரப்பிக் கொடுப்பவள் நான். என் சொந்தக் காரியத்துக்கு மட்டும் எந்தப் படிவமும் கை கொடுக்கவில்லை.

போன வருடம் ரேஸ் கோர்ஸ் பகுதியில் குடியிருந்த ஒரு டாக்டர் தன் மகனோடு இருக்க வெளிநாட்டுக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இவர்தான் வண்டி ஓட்டுவார். ஏழு வருடம் ஓடிய கறுப்பு ஜெர்மன் கார். "நீதான்ப்பா இதைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கிட்டே. வேற ஆளுக்குக் கொடுக்க மனசில்லை" என்று டாக்டர் சகாய விலைக்குக் கொடுத்தார். எங்கள் சேமிப்பெல்லாம் அதில் போனது. ஆனால் அந்த வண்டியைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நானும்தான் தலையாட்டினேன். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை.

அந்த வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு சாவி. இன்னொன்றை டாக்டர் எப்போதோ தொலைத்துவிட்டாராம். மிஞ்சிய ஒன்றின் மூலையையும் அவர் வீட்டு நாய் கடித்து வைத்திருந்தது. அந்தப் பல் தடம் தெரியக் கூடாது என்று இவர் ஒரு தோல் உறை வாங்கிப் போட்டார்.

வண்டி வந்த இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் நஞ்சுண்டனும் அவர் சம்சாரம் ராசாத்தாளும் வந்து நின்றார்கள். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம். அவர்கள் மகள் பிரவீனாவுக்குக் கல்யாணம். இவர் அந்த வீட்டில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ விசேஷம் நடந்திருக்கிறது. பத்திரிகையை வண்டி ஜன்னல் வழியாக நீட்டுவார்கள், இவர் வாங்கி டாஷ்போர்டில் வைத்துக்கொள்வார். விசேஷத்தன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பார்க்கிங்கிலேயே இவருக்குப் பொட்டலம் வரும். இந்தத் தடவை எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தாம்பாளத்தை இரண்டு பேருமாகப் பிடித்து நீட்டி, "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணும்" என்றார்கள். கறுப்புக் காரைப் பார்த்துவிட்டு நஞ்சுண்டன், "மாப்பிள்ளை அழைப்புக்கு உன்ர வண்டியவே வச்சுக்கலாம் சென்னி. புது வண்டி ஒண்ணு வாங்கறோம், ஆனா அது சீர் வண்டி, அன்னைக்கு எடுக்கப்படாது" என்றார்.

அன்று ராத்திரி இவர் படுக்கவே இல்லை. "புவனா, நாம நம்ம வண்டியில போயி எறங்கறோம். பந்தியில உக்காந்து சாப்படறோம்" என்று மூன்று தடவை சொன்னார். வாடகைக்குக் கிடைத்த முதல் சவாரி என்பதெல்லாம் இவருக்குப் பெரிதில்லை. அந்த மண்டபத்து வாசலில் சொந்த வண்டியிலிருந்து இறங்க வேண்டும், அதுதான் வேண்டும். அது எனக்கும் புரிந்தது. நானும் ஒரு பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

நஞ்சுண்டன் போகும்போது இன்னொரு காரியமும் செய்தார். "வர்ற புதன்கிழமை நல்ல முகூர்த்தம். சீர் வண்டிக்குப் பூசை போடறோம். நீயும் உன்ர வண்டியக் கொண்டா, ஒண்ணாப் போட்டுக்கலாம்" என்றார். இவர் மறுப்பாரா?

புதன்கிழமை வண்டிப் பூசைக்குப் பேர்போன அந்தப் பிள்ளையார் கோயிலில் நல்ல கூட்டம். இரண்டு வண்டிகளும் ஒரே கம்பெனி. அடுத்தடுத்து நின்றன. நஞ்சுண்டனின் புது வண்டியைச் சுற்றி அவர் சொந்தபந்தமான உறம்பரை, புதுச் சம்பந்தி வீட்டார், பட்டுப்புடவைகள். எங்கள் வண்டியைச் சுற்றி நாங்கள் மூன்று பேர்.

இந்த மாதிரி வண்டிகளில் சாவியைச் சொருகித் திருகும் வேலையே கிடையாது. சாவி பாக்கெட்டில் இருந்தால் போதும், பொத்தானை அழுத்தினால் ஓடும். ஓட ஆரம்பித்துவிட்டால் சாவியை எடுத்துக்கொண்டு போனாலும் நிற்காது. டிங் டிங் என்று கத்தும், அவ்வளவுதான். வெயிலுக்காக இரண்டு வண்டியிலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சாவிகளை மட்டும் ஒரே தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார் குருக்கள். சன்னதிக்குள் தோல் போகக் கூடாது என்று இவர் உறையைக் கழற்றித் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்த தட்டில் சந்தனமும் குங்குமமும் அரளிப்பூவுமாகச் சாவிகள் இருந்தன. நஞ்சுண்டன் ஒன்றை எடுத்தார். இவர் மற்றதை எடுத்து உடனே உறைக்குள் போட்டார். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டிகளை ஏற்றி நசுக்கிவிட்டு அவரவர் வழியில் கிளம்பினோம். வழியெல்லாம் எங்கள் வண்டி கத்திக்கொண்டே வந்தது. "என்னங்க இது?" என்று கேட்டேன். "சந்தனம் உள்ள போயிருக்கும்" என்றார்.

வீட்டில் வந்து அணைத்த வண்டி அதோடு சரி. வியாழக்கிழமை காலையில் பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல் கூட இல்லை.

சாவியில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார். நான் கடைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தானே போய் மாற்றிக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போதும் சாவி உறைக்குள்ளேயே இருந்தது. வண்டி ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை அவிநாசி ரோட்டில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். எங்கள் வீட்டு ஹாலைவிட அவர்கள் காத்திருக்கும் அறை பெரிது. டை கட்டிய பையன் காபி கொடுத்தான். "வண்டி யார் பேர்ல இருக்குங்க மேடம்?" என்றான். டாக்டர் பேரில் இருக்கிறது, மாற்றுவதற்கு மனு போட்டிருக்கிறோம் என்றேன். அப்படியென்றால் சாவியைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாதாம். ஆர்.சி. எங்கள் பேருக்கு வர வேண்டும். சாவி தொலைந்ததாகப் போலீஸில் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகு ஜெர்மனிக்கு எழுதிப் போட்டால் எட்டு வாரத்தில் சாவி வரும். விலையைச் சொன்னான். நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு இருந்தது பத்து நாள்.

பேர் மாற்றும் ஆபீசில், உங்கள் மனு மேலே போயிருக்கிறது, அடுத்த வாரம் பாருங்கள் என்றார்கள். எங்கே மேலே என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷன். நான் எழுதிக்கொண்டு போன மனுவைப் படித்த ரைட்டர், "சாவி தொலைஞ்சு போச்சாம்மா?" என்றார். "இல்லீங்க, இருக்குது. வேலை செய்யறதில்லீங்க" என்றேன். "வேலை செய்யாத சாவிக்கு நாங்க என்னம்மா பண்றது? ரிப்பேர் கடைக்குப் போங்க" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது பக்கத்திலிருந்து இவர் என் காதில், "தொலைஞ்சதுன்னே எழுதிக் குடுத்துரு புவனா" என்றார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை தெரியாமல் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று திரும்பப் போய்க் கொடுத்த ஆள் இவர். கையில் சாவியை வைத்துக்கொண்டு பொய் எழுதச் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டிக் கவலையில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை யாரோ சொல்லி, கோட்டைமேட்டில் அப்துல் வஹீது கடைக்குப் போனோம். சின்னக் கடைதான். சுவர் முழுக்க வெற்றுச் சாவிகள் தொங்கின. நடுவில் சாவி அறுக்கும் மிஷின், அதன் பக்கத்தில் லேப்டாப்பும் வயர்களும். எவ்வளவு பெரிய வண்டியாக இருந்தாலும் அவர் சாவி போட்டுக் கொடுப்பாராம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். நாலு நாளில் எங்களை முழுசாகப் பேசவிட்ட முதல் ஆள் அவர்தான்.

"குடுங்க பாக்கலாம்" என்று சாவியை வாங்கி ஒரு கறுப்புப் பெட்டி மேல் வைத்து லேப்டாப்பைப் பார்த்தார். மறுபடியும் எடுத்து வைத்தார்.

"சாவி நல்லாத்தான் இருக்குதுங்க. ஒரு கொறையும் இல்லீங்க" என்றார்.

"அப்பறம் ஏனுங்க வண்டி ஓடறதில்லை?"

"வேற வண்டியோட நம்பரை உள்ள எழுதுன சாவிங்க இது."

நான் சிரித்தேன். "என்னங்க பாய் சொல்றீங்க? நாங்க கையவிட்டுக் கீழ வெக்காத சாவிங்க."

வஹீது பாய் தோல் உறையைக் கழற்றினார். பொத்தான்களின் இடுக்கில் காய்ந்த சந்தனம். அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "ஏழு வருச வண்டின்னு சொல்றீங்க. இதுல ஒட்டுன பாலித்தீன் காயிதத்தைக் கூட இன்னும் பிரிக்கலீங்களே அம்மா."

நான் வாங்கிப் பார்த்தேன். பளபளவென்று புத்தம் புதுசு. மூலையில் நாய்ப் பல் தடம் இல்லை.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அதிர்ச்சியாகியிருக்க வேண்டும். என்னைப்போல வாயைப் பிளந்திருக்க வேண்டும். அவரோ சுவரில் தொங்கும் சாவிகளை எண்ணுகிறவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் புதிதாக ஒன்றுமே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

கழற்றிப் போட்ட உறையை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"எப்பவிருந்து?"

"கோயில்லயே" என்றார்.

கடைக்கு வெளியே நிறுத்தி வைத்துக் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். தட்டு வந்ததும் முதலாளிதான் முதலில் கை நீட்டினாராம். அவர் எடுத்த சாவியின் மூலையில் பல் தடம் தெரிந்ததாம். "சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். புதுச் சம்பந்தி பக்கத்துல நின்னாரு. ஒறம்பரையெல்லாம் பாத்துட்டு இருந்தாங்க. ‘மொதலாளி, நீங்க மாத்தி எடுத்துட்டீங்க’ன்னு நாலு பேரு முன்னால எப்படிச் சொல்றது?"

"சரி, அப்பறம் ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"கல்யாண வேலையா இருப்பாரு. அதும் அவரு பண்ணுன தப்பு மாதிரி ஆயிருமில்ல? வேற சாவி ஒண்ணு போட்டுக்கிட்டா ஆருக்கும் சங்கடமில்லீன்னு பாத்தேன்."

வந்த கோபத்துக்கு அந்த ரோட்டிலேயே கத்தியிருப்பேன். நாலு நாள்! டை கட்டிய பையன் முன்னால், பேர் மாற்றும் ஆபீசில், போலீஸ் ஸ்டேஷனில், எல்லா இடத்திலும் நான் நாக்கு வறளப் பேசிக்கொண்டிருந்தபோது இந்த மனுசன் பக்கத்தில் பால் குடித்த பூனையாக நின்றிருக்கிறார். ஒருத்தருக்குச் சங்கடம் வரக் கூடாது என்று என்னை ஊர் பூராவும் அலைய விட்டிருக்கிறார். அப்போது நான் யார் இவருக்கு? என் அலைச்சல் சங்கடம் இல்லையா? கேட்டேவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். தலையைக் குனிந்துகொள்வது இவருக்கு ரொம்பச் சுலபம்.

வஹீது பாய் வாசல் வரை வந்தார். "பழைய சாவி கெடைச்சுதுன்னா உங்களுக்குச் செலவே இல்லீங்க. இல்லீன்னா வெத்துச் சாவி டெல்லியிலருந்து வரோணும். அஞ்சாறு நாளாகும். வந்தா நானே உங்க ஊட்டுக்கு வந்து வண்டியிலயே எழுதித் தாரேன். ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?"

"ஒண்ணு போதுமுங்க" என்றார் இவர். இன்னொரு சாவியைக் கேட்பதற்குக் கூட இவருக்குக் கூச்சம்.

மறுநாள் காலையில் இவரை இழுத்துக்கொண்டு அவிநாசிக்குப் பஸ் ஏறினேன். நஞ்சுண்டன் வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராசாத்தாள் அன்பாகத்தான் வரவேற்றாள். "வா கண்ணு, காபி குடி" என்றாள். நான் புதுச் சாவியை எடுத்து மேசையில் வைத்து, கோயிலில் மாறிவிட்டது என்றேன்.

ராசாத்தாள் வாயில் கை வைத்தாள். "அட சாமி! நாங்க அது செத்துப்போன சாவின்னுல்ல நெனச்சோம்!"

நடந்தது இதுதான். அவர்கள் வண்டியும் மறுநாள் காலையில் ஓடவில்லை. அவர்களிடம் கம்பெனி கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் இருந்தது. அதை எடுத்து ஓட்டிக்கொண்டார்கள். ஆனால் சீர் வண்டியின் சாவி பூசை போட்ட அன்றே செத்தது ராசாத்தாள் மனதைப் போட்டு அரித்திருக்கிறது. ஜோசியரைக் கேட்டிருக்கிறாள். அவர் தோஷம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கொடுமுடிக்குப் போய்ப் பரிகாரம் செய்து, அந்தச் சாவியைப் பூசிய சந்தனத்தைக் கூடத் துடைக்காமல் அப்படியே சிவப்புத் துணியில் கட்டிக் காவிரியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஆத்துல உட்டுட்டீங்களா?" என்றேன்.

"நட்ட நடு ஆத்துல, பரிசல்ல போயி உட்டோம் அம்மணி" என்றாள் அவள், அதிலாவது ஒரு குறை வரக் கூடாது என்பதுபோல.

இந்நேரம் அது திருச்சியைத் தாண்டியிருக்கும். வியாழக்கிழமை ஒரே ஒரு போன். வெள்ளிக்கிழமையாவது, சனிக்கிழமையாவது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நஞ்சுண்டன் உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். புதுச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இவரைப் பார்த்து, "ஏன் சென்னி, எடுக்கறப்ப பாத்து எடுக்கறதில்லையா நீ?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இவர் தன் செருப்பில்லாத காலால் என் காலை அழுத்தினார்.

"ஆமாங்க. என்ர தப்புதானுங்க" என்றார்.

"சரி போ. மாப்பிள்ளை அழைப்புக்கு நான் வேற வண்டி சொல்லிக்கறேன். கல்யாணத்துக்கு மறக்காம வந்துருங்க."

புதுச் சாவிக்கு ஆகும் செலவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கருமத்தம்பட்டி வரும்போது, "காலு வலிக்குதா அம்மணி?" என்றார்.

வஹீது பாய் அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டிலிருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேசி, வண்டி எங்களுக்கு விற்றதுதான் என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் வேலையைத் தொட்டார். கதவுப் பூட்டுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு அளவெடுத்து, கடைக்குப் போய் ஒரு இரும்புச் சாவி அறுத்துக்கொண்டு வந்தார். அதுவரை பூட்ட முடியாமல் கிடந்த கதவு அதில் பூட்டியது, திறந்தது. "கதவுக்கு இது போதுமுங்க. ஓடறதுக்கு டெல்லியிலருந்து வரோணும்" என்றார். அதன் பிறகு தினமும் சாயங்காலம் இவர் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் கடையில் உட்கார்ந்து கூரியர் எங்கே வருகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பேன். நாக்பூரில் இருக்கிறது என்று மூன்று நாள் காட்டியது. அந்த ஊரில் அதற்கு என்ன வேலையோ.

திங்கட்கிழமை காலையில் கல்யாணம். சாவி வரவில்லை. பட்டுப்புடவையோடு காந்திபுரத்தில் நின்று பஸ் பிடித்தோம். கூட்டத்தில் ஒரு கூடைக்காரம்மா என் கொசுவத்தின் மேலேயே கூடையை வைத்தாள். ஷ்ரவ்யா பரீட்சை என்று வரவில்லை. நல்லவேளை. மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டிய சீர் வண்டி நின்றது. இவர் அதைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்த்தார்.

தாலி கட்டி முடிந்ததும் பந்திக்குப் போனோம். முதல் பந்தியில் இரண்டாவது வரிசை. இவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பொரியல், கூட்டு, பருப்பு, நெய் எல்லாம் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். வேகமாக யாரோ வரும் சத்தம் கேட்டது. நஞ்சுண்டன்.

"சென்னி! அந்தப் புது டிரைவரு எங்க போய்த் தொலைஞ்சான்னு தெரியல. சீர் வண்டி வாசல மறிச்சுட்டு நிக்குது, மினிஸ்டர் வார நேரம். சித்த எடுத்து ஓரமா உட்டுட்டு ஓடியா."

சொல்லிக்கொண்டே சாவியை இவர் இலையின் பக்கத்தில் போட்டார். அதே சாவி. பாலித்தீனைப் பிரித்திருந்தார்கள்.

பதினான்கு வருடப் பழக்கம் எங்கே போகும்? இவர் பாதி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கவில்லை, காலை மிதிக்கவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி மறுபடி முன்னால் நகர்ந்தது.

"சாப்புட்டுட்டு இருக்கேனுங்க" என்றார் இவர்.

"ஒரு நிமிச வேலடா. வந்து சாப்புட்டுக்கலாம்."

"எலையில உக்காந்தாச்சுங்களே. பாதியில எந்திரிக்கப்படாதுங்க."

எதிர் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். சம்பந்தி வீட்டார் பக்கத்து வரிசையில்தான் இருந்தார்கள். நஞ்சுண்டனால் குரலை உயர்த்த முடியவில்லை. வாயைக் கடித்துக்கொண்டு, சாவியை எடுக்கத் தானே கையை நீட்டினார்.

"பாத்து எடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வரிசைக்குக் கேட்டது. "அன்னைக்குக் கோயில்ல நீங்க எடுத்தது என்ர சாவிங்க. நாய் கடிச்ச தடத்தப் பாத்துட்டேதான் நின்னேன். அப்பவே சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டதுதானுங்க என்ர தப்பு."

நஞ்சுண்டனின் கை சாவியின் மேல் அப்படியே நின்றது. முகம் சிவந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு தானே வாசலைப் பார்த்து நடந்தார். சிறிது நேரத்தில் வெளியே வண்டி நகரும் சத்தம் கேட்டது.

எனக்குச் சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை. இதே பேச்சைப் பன்னிரண்டு நாள் முன்னால் பேசியிருந்தால் நான் பஸ்ஸில் கசங்கிய புடவையோடு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்ற ஆத்திரமும் கூடவே இருந்தது. இவரைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பருக்கைகள் இலைக்கு வெளியே சிதறின.

"சாம்பார் ஊத்துங்க" என்றார் பரிமாறுகிறவரிடம்.

பாயசம் வரை உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. வஹீது பாய். டெல்லிச் சாவி வந்துவிட்டதாம், மத்தியானம் வீட்டுக்கு வந்து எழுதித் தருகிறாராம்.

போனை ஈரக் கையோடு இவர் வாங்கினார்.

"பாய், அன்னைக்கு ஒண்ணு போதும்னு சொன்னேனுங்க" என்றார். "இன்னொண்ணும் சொல்லிப்போடுங்க. என்ர சம்சாரத்துக்கு ஒண்ணு வேணும்."

அது வர இன்னும் ஆறு நாளாகும் என்று பாய் சொல்வது எனக்குக் கேட்டது. மறுபடியும் நாக்பூரில் போய் நிற்கும். நிற்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தோம்.